அக்கரை உலையும் எங்கள் கட்டடத்துத் தண்ணீரும்

அப்பாசியாவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடம் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, லேசாக ஆடியது. சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. கூடத்து விளக்கு ஒரு பக்கமாகப் போய், சற்று நின்று, திரும்பி வந்தது. மேல் மாடியில் யாரோ கட்டிலை இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். குவைத்தில் எங்களைப் போன்றவர்கள் வசிக்கும் கட்டடங்களில் யாராவது எப்போதும் கட்டிலை இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவர் ரூம் மாறுவார், இன்னொருவர் வந்து சேருவார்.

மகள் காதிலிருந்து ஹெட்போனை எடுக்காமலே, "அப்பா, பில்டிங் மூவ் ஆச்சு" என்றாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எதையும் செய்தி வாசிப்பதுபோல் சொல்வாள்.

மனைவியையும் கூப்பிட்டுக்கொண்டு மூவரும் படிக்கட்டு வழியாகக் கீழே இறங்கினோம். அதற்குள் பாதிக் கட்டடம் தெருவில் நின்றது. தரைத்தளத்தில் பக்காலா, அதாவது மளிகைக் கடை, வைத்திருக்கும் பாய் வாசலில் ஒரு முட்டை அட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துக்காரர். கட்டடத்திலேயே அதிக காலமாக இருப்பவரும் அவர்தான்.

"என்ன சார், உங்க வீட்டுலயும் ஆடுச்சா?"

"ஆடுச்சு பாய்."

"அப்ப எனக்குத் தலைசுத்தல் இல்ல. நான் பிரஷர் மாத்திரையப் போட்டுட்டேனே."

கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய போனிலும் செய்தி வந்துவிட்டது. நிலநடுக்கம் கடலின் அக்கரையில். இங்கே வந்தது அதன் வால்தான். யாருக்கும் எதுவும் இல்லை. கலைந்து போக வேண்டிய நேரத்தில், மேல் மாடிப் பேச்சிலர் ரூமில் இருக்கும் அறந்தாங்கிக்காரர் ஒருவர், "அங்கதானண்ணே அந்த அணு உலை இருக்கு?" என்று கேட்டார். யாரும் கலையவில்லை.

அந்த நிலையம் இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து ஏறக்குறைய சென்னைக்கும் திருச்சிக்கும் உள்ள தூரம். நடுவில் கடல் மட்டுமே. நான் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் கட்டத் தொடங்கி, பல வருஷம் நின்றுபோய், பிறகு வேறு ஆட்கள் வந்து முடித்தது. பாய் இதை, "பழைய அஸ்திவாரத்து மேல புது மாடி எடுத்த வீடு சார்" என்று சொல்வார். அதில் என்ன குறை உண்டு, இல்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வரும். அந்தச் சனிக்கிழமை வரை அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

எங்கள் பயம் காற்றைப் பற்றியதைவிடத் தண்ணீரைப் பற்றியது. இந்த நாட்டில் ஆறு கிடையாது. குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீர். உப்பை நீக்கி அனுப்புகிறார்கள். அந்தக் கடல்தான் அக்கரையையும் தொடுகிறது. அதில் கலக்கக் கூடாதது ஏதாவது கலந்தால், சுத்திகரிப்பு நிலையத்தை மூடியாக வேண்டும். மூடிவிட்டால் குழாயில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்று ஒவ்வொருவரும் ஒரு கணக்குச் சொன்னார்கள். எந்தக் கணக்கும் நன்றாக இல்லை. மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திப் பார்த்தேன். கடல் எப்போதும்போல் பச்சையும் நீலமுமாக இருந்தது. குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் இந்தப் பயத்தில் சங்கடம்.

கட்டடத்து வாட்ஸ்அப் குழு அந்த வாரம் தூங்கவில்லை. அயோடின் உப்பைச் சோற்றில் அதிகமாகச் சேர்த்தால் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது என்று ஒரு செய்தி சுற்றியது. பாய் கடையில் உப்புத் தட்டு காலியானது. "எனக்கு யாவாரம் நல்லாத்தான் இருக்கு," என்றார் பாய். "ஆனா இவ்ளோ உப்பத் தின்னா உலை வெடிக்கிறதுக்கு முன்னாடி நீங்க வெடிச்சிருவீங்களேப்பா."

உப்புத் தட்டு காலியான அன்று மாலை என் மனைவியின் அக்கா ஊரிலிருந்து கூப்பிட்டார். மனைவி பிறந்து வளர்ந்தது தமிழ்நாட்டில் ஒரு கடற்கரைச் சிற்றூர். அக்கா அங்கேயே கல்யாணமாகி அங்கேயே இருக்கிறார். மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏ, பேசாம புள்ளையக் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு. மாடி ரூம் சும்மாதான் கெடக்குது. பக்கத்துலயே நல்ல ஸ்கூலு. அந்தக் கடல் தண்ணியக் குடிச்சிக்கிட்டு அங்க என்ன பண்றே?"

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அக்கா, உங்க மாடி ரூம் ஜன்னலைத் தொறந்தா என்ன தெரியும்?"

"கடல் தெரியும் தம்பி. காத்து அள்ளிக்கிட்டுப் போகும்."

"இன்னொரு ஜன்னலைத் தொறந்தா?"

அந்த ஊரை ஒட்டியும் ஓர் அணு மின் நிலையம் இருக்கிறது. அதுவும் புதியதல்ல. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போதே அதன் கும்மட்டம் தெரியும்.

"அது இருக்குது," என்றார் அக்கா. "ஆனா அது நம்ம உலை தம்பி. பழகுனது."

நான் சிரித்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, யூ ஆர் டேக்கிங் அஸ் க்ளோசர்" என்றாள். மனைவி சிரிக்கவில்லை. போனை வைத்த பிறகு சொன்னாள்:

"சிரிங்க. அங்க உலை இருக்கு, ஆனா ஏற்பாடும் இருக்கு. சின்னப் புள்ளையிலேர்ந்து ட்ரில் பாத்து வளந்தவ நான். சைரன் ஊதுனா யாரு உள்ள போகணும், எந்த பஸ்ஸு எந்த முனையில நிக்கும்னு எங்க ஊருல ஆடு மேய்க்கிறவருக்குக்கூடத் தெரியும். இங்க நம்ம பில்டிங்ல என்ன தெரியும்? யாரு எவ்ளோ உப்பு வாங்குனாங்கன்னு தெரியும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இங்கும் அரசாங்கம் சைரன் சோதனை நடத்துகிறது, அறிவிப்பு வருகிறது. அது ஊருக்கு. எங்கள் கட்டடத்துக்குள், எங்கள் கதவுக்குள் நாங்கள் என்ன செய்வோம் என்பதை யாரும் யோசித்ததில்லை.

அவள் வேடிக்கைக்காகப் பேசவில்லை என்பது இரண்டு நாளில் புரிந்தது. இங்குள்ள இந்தியப் பள்ளி ஒன்றில் மழலையர் வகுப்பு எடுக்கிறாள். ஜூனில் விடுமுறை. விடுமுறைக் கால வகுப்புக்கு வழக்கமாகத் தன் பெயரைக் கொடுத்துவிடுவாள். இந்த முறை கொடுக்காமல் வைத்திருந்தாள். அக்காவிடம் பள்ளிச் சேர்க்கை பற்றிக் கேட்டிருந்தாள். விடுமுறைக்குப் போய் மகளை அங்கே சேர்த்துவிட்டால் பிறகு திரும்பி வருவது என்பது கிடையாது.

அப்படி நடந்தால் நான் பேச்சிலர். வளைகுடாவில் அந்தச் சொல்லுக்குக் கல்யாணத்தோடு சம்பந்தமில்லை. குடும்பம் ஊரில் இருக்கிறவன் பேச்சிலர், அவ்வளவுதான். பேரன் பேத்தி எடுத்த பேச்சிலர்கள் இங்கே உண்டு. குடும்ப விசா கிடைக்கும் அளவுக்குச் சம்பளம் உயரும்வரை நானும் பல வருஷம் அப்படி இருந்தவன். கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்ட வேட்டித் திரை, ஃப்ரிஜ்ஜில் எனக்கு ஒதுக்கிய கதவுப் பக்கத் தட்டு, சமையல் முறை வரும் நாளில் யாருக்கும் பிடிக்காத என் ரசம் எல்லாம் நினைவில் இருக்கின்றன. மகள் நடக்கக் கற்றுக்கொண்டதை நான் போனில்தான் பார்த்தேன். மறுபடியும் அந்தக் கட்டிலுக்குப் போக எனக்கு விருப்பமில்லை.

செய்தி மேல் மாடிக்கும் எட்டிவிட்டது. லிஃப்டில் அறந்தாங்கிக்காரர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி ஊருக்குப் போறாங்களாமேண்ணே. நம்ம ரூம்ல சன்னலோரக் கட்டில் ஒண்ணு காலியாவுது. ஒங்களுக்குன்னா சொல்லி வைக்கிறேன்."

"இன்னும் முடிவாகலப்பா."

"முடிவாகட்டும், அவசரமில்ல. வெள்ளிக்கிழமை சமையல் ஒங்க முறை."

அன்று இரவு உணவின்போது மனைவியிடம் நேராகவே கேட்டேன். என்ன செய்தால் இருப்பாய்? அவள் கையிலிருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தாள்.

"இந்த பில்டிங்ல ஒரே ஒரு ட்ரில் நடத்திக் காட்டுங்க. ஒழுங்கா. நடந்துச்சுன்னா இருக்கேன். இல்லன்னா நானும் பாப்பாவும் அக்கா வீட்டுக்கு."

எனக்கு இது நல்ல பேரமாகப்பட்டது. ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஆவணக் கட்டுப்பாட்டாளர் வேலை எனக்கு. வரைபடம், வேலை முறை, சோதனை அறிக்கை எது வந்தாலும் எண் கொடுத்து, திருத்தம் எத்தனையாவது என்று குறித்து, ஒப்புதல் வாங்கி, பழையதைத் திரும்பப் பெற்று, புதியதை அனுப்புவது. எங்கள் சைட்டில் ஒரு சாக்கடை மூடியைத் திறப்பதற்குக்கூட ஒப்புதல் பெற்ற தாள் வேண்டும். ஆகவே ட்ரில்லுக்கும் ஒரு தாள் தயாரித்தேன். திருத்தம் பூஜ்யம். தயாரித்தவர் நான், ஒப்புதல் அளிப்பவர் மனைவி.

குழுவில் போட்டதும் கருத்துகள் வந்தன. ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டினால் பெயின்ட் உரியும், வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? ஏசியை அணைத்தால் குழந்தை தாங்குமா? எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்தம் ஒன்று. பிறகு இரண்டு, மூன்று. பாய் கடைசியில் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார்: "கன்ட்ரோலர் சார், நாலு பேப்பர் வந்திருச்சு. நாலையும் சேத்து ஒட்டுனா என் கடை ஜன்னலுக்குச் சரியா இருக்கும்."

தண்ணீர் பற்றிய பகுதியில் நான், அவரவர் வசதிப்படி நிரப்பி வைக்கலாம் என்று எழுதியிருந்தேன். மனைவி அதை அடித்தாள்.

"வசதிப்படின்னா அது ட்ரில் இல்ல. நிஜமா நடந்தா எல்லாரும் ஒரே நேரத்துலதான் பிடிப்பாங்க. அப்படித்தான் செஞ்சு பாக்கணும்."

சரி என்று, "சமிக்ஞை கிடைத்ததும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில்" என்று மாற்றினேன். அவள் ஒப்புதல் கட்டத்தில் கையெழுத்திட்டாள். நானும் மறுபடி படித்துப் பார்த்தேன். வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை என்று முடிவானது. எல்லோருக்கும் விடுமுறை. மதியத் தொழுகைக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே குளித்துத் தயாராகவும் நேரம் இருக்கும். சைரன் ஊத முடியாது. ஊதினால் தெரு முழுக்க இறங்கி ஓடும். பாய் தன் கடை ஷட்டரைச் சமிக்ஞையாகத் தருவதாகச் சொன்னார். அந்த ஷட்டரை மேலே தள்ளிக் கீழே விட்டால் வரும் சத்தம் எங்கள் ஐந்து மாடிக்கும் தெரிந்த சத்தம்.

அந்த வாரம் அப்பாசியாவில் நீல டிரம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த டிரம்மில் முன்பு சோப்பு எண்ணெய் இருந்திருக்கிறது. எத்தனை தடவை கழுவினாலும் நுரை வந்தது. கடைசியில் அதைத் துணி துவைக்க மட்டும் என்று ஒதுக்கி, திருத்தத்தில் சேர்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஷட்டர் விழுந்தது. தாளில் உள்ளபடி ஏசியை அணைத்தோம். ஜன்னல்களைச் சாத்தி டேப் ஒட்டினோம். மகள் சொல்லச் சொல்ல நான் ஒட்டினேன். கோணலாக ஒட்டினால் உரித்து மறுபடி ஒட்டினேன். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஏசி நின்ற கொஞ்ச நேரத்திலேயே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. மனைவி எல்லாக் குழாய்களையும் திறந்தாள். குளியல் தொட்டி, டிரம், வாளி, குக்கர், இட்லிப் பானை, மகளின் பள்ளித் தண்ணீர் பாட்டில் என்று வரிசையாக. மேலேயும் கீழேயும் எதிர் வீட்டிலும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மழையே பார்க்காத கட்டடத்துக்குள் மழை பெய்வதுபோல் இருந்தது. மனைவி கதவருகே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு நிம்மதி தெரிந்தது. நான் மனதுக்குள் ஜன்னலோரக் கட்டிலுக்கு விடை கொடுத்துவிட்டேன்.

முதல் செய்தி மேல் மாடியிலிருந்து வந்தது. "அண்ணே, எங்க பைப்புல காத்துதான் வருது." அடுத்து நான்காம் மாடி: தண்ணீர் நூல்போல. பிறகு எங்கள் குழாய் இருமியது, துப்பியது, நின்றது. கீழே மோட்டார் அறையிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் வந்துகொண்டேயிருந்து, அதுவும் நின்றது. ரப்பர் கருகும் வாடை படிக்கட்டு வழியாக மேலே வந்தது.

நான் ஓடி இறங்கியபோது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹாரிஸ் மோட்டார் அறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வங்காளதேசத்துக்காரர். எங்களோடு இந்தியில்தான் பேசுவார், நடுவே அரபி கலக்கும்.

"மோட்டார் கலாஸ் பாய். ஊப்பர் பாணி மாஃபி, நீச்சே பாணி மாஃபி. சப் கா பால்டி ஃபுல்." மோட்டார் போய்விட்டது, மேலேயும் தண்ணீர் இல்லை, கீழேயும் இல்லை, எல்லோருடைய வாளியும் நிறைந்திருக்கிறது.

நடந்தது இதுதான். தெருக் குழாயிலிருந்து தண்ணீர் நிதானமாக வந்து கீழ்த் தொட்டியில் சேரும். அதை மோட்டார் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும். சாதாரண நாளுக்குச் செய்த ஏற்பாடு. எல்லா வீடும் எல்லாக் குழாயையும் சேர்த்துத் திறந்ததும் மேல் தொட்டி வறண்டது. அதை நிரப்ப மோட்டார் இடைவிடாமல் ஓடிக் கீழ்த் தொட்டியையும் வறளவைத்தது. பிறகு வெறும் காற்றை இழுத்துக் கருகிவிட்டது. தண்ணீர் நின்றால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்து, நாங்களே தண்ணீரை நிறுத்திவிட்டோம்.

பாய் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அக்கரையில உலை பத்திரமா இருக்கு சார். நம்ம மோட்டார்தான் உருகிப் போச்சு."

வீட்டுக்காரரின் ஆள் போனில், புது மோட்டார் ஞாயிற்றுக்கிழமைதான் வரும் என்றார். மனைவியிடம் இதைச் சொல்ல மாடி ஏறினேன். அவள் படுக்கையறையில் அலமாரி மேலிருந்த பெரிய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஒழுங்காக நடந்தால் இருக்கிறேன் என்றாள், ஒழுங்காக நடக்கவில்லை.

அவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் அலமாரி மேல் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் கேன்களை எடுத்தாள்.

"நின்னுக்கிட்டிருக்கீங்களே. மேல் மாடிப் பசங்ககிட்ட ஒரு வாளிதான் இருக்கு. எட்டுப் பேரு. இதப் பிடிங்க."

அந்த இரண்டு நாளும் அவளை வீட்டில் பார்ப்பதே அரிதாகிவிட்டது. கீழ் மாடிகள் நிரப்பிக்கொண்டன, மேல் மாடிகள் நிரப்பவில்லை. ஆகவே கீழிருந்து மேலே போக வேண்டும். மனைவி படிக்கட்டில் நின்று, மழலையர் வகுப்பில் வரிசை விடுவதுபோல் ஆட்களை அனுப்பினாள். முதலில் குழந்தை இருக்கும் வீடு. பிறகு வயதானவர்கள் இருக்கும் வீடு. பேச்சிலர்கள் தூக்குகிறவர்கள் என்பதால் கடைசி, ஆனால் குறையாமல். லிஃப்டில் வாளி ஏற்ற ஹாரிஸ் விடவில்லை. "லிஃப்ட் மே பாணி கிரா தோ லிஃப்ட் பி கலாஸ்" என்று, தண்ணீர் சிந்தினால் லிஃப்டும் போய்விடும் என்று, கதவை மறித்து நின்றார். நேற்றுவரை அவர் பேச்சை யாரும் கேட்டதில்லை. இப்போது எல்லோரும் கேட்டார்கள்.

"டீச்சரக்கா, எங்க ரூமுக்கு இன்னும் ஒரு கேன்," என்றார் அறந்தாங்கிக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு.

"காலையில குடுத்த கேன் என்னாச்சு?"

"ஒருத்தன் தெரியாம குளிச்சிட்டான்க்கா."

"தெரியாம எப்படிப்பா குளிக்கிறது?"

"தூக்கக் கலக்கம்."

அவருக்குக் கேன் கிடைத்தது. குளித்தவரின் பெயரை ரூம் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் தலை ஈரமாக இருந்தவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை பாத்திரம் கழுவத் தண்ணீர் செலவழிக்கக் கூடாது என்று மனைவி தடை போட்டாள். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து மேல் மாடியில் ஒரே பானையில் சமைத்தார்கள். பேச்சிலர்களின் கோழிக் குழம்பு, எங்கள் வீட்டுச் சோறு, பாய் கடைக் காகிதத் தட்டு. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் மகள், அதுவரை அந்த மாடிக்குப் போயிராதவள், குழம்பை இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு, "அப்பா, இவங்க உங்களைவிட நல்லா சமைக்கிறாங்க" என்றாள். அறந்தாங்கிக்காரர் என்னைப் பார்த்து, "அப்ப ஒங்க வெள்ளிக்கிழமை முறைய ரத்து பண்ணிரலாம்ணே" என்றார். மனைவி இதைக் கேட்டு, என்ன முறை என்று விசாரித்தாள். நான் பேச்சை மாற்றினேன்.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் அக்கா கூப்பிட்டார். மனைவி படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். மோட்டார் கருகியதைச் சொல்லும்போது அக்கா சிரித்த சிரிப்பு போனைவிட்டு வெளியே வந்தது.

"போடி. நம்ம ஊரு ட்ரில்ல மட்டும் என்ன வாழ்ந்துச்சு? உன்னைய அடிபட்டவளா நடிக்கச் சொல்லி, கழுத்துல அட்டையக் கட்டி, மரத்தடியில படுக்க வச்சிட்டு எல்லாரும் சாம்பார் சாதம் வாங்கப் போயிட்டோமே. சாயங்காலம் அம்மா தேடி வந்தப்ப அப்படியே தூங்கிக்கிட்டிருந்தே."

இந்தக் கதையை என் மனைவி எனக்குச் சொன்னதே இல்லை. அவள் என் பக்கம் திரும்பாமல், "அது சின்ன வயசுக்கா" என்றாள்.

"சரி, அதை விடு. எப்ப வர்றே? ஸ்கூல்ல கேட்டுட்டேன், எடம் இருக்குன்னாங்க."

நான் கையிலிருந்த காகிதத் தட்டை மடித்துக்கொண்டிருந்தேன். மகளும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள்.

"இப்ப எங்கக்கா வர்றது?" என்றாள் மனைவி. "இங்க மாடி மாடியாப் பிடிச்சிருந்தா மோட்டாரு போயிருக்காது. அதச் செஞ்சு பாக்கணும். இந்தப் பசங்களுக்கு டிரம் இல்ல. லீவு விட்டா பாதிப் பேரு ஊருக்குப் போயிருவாங்க, அதுக்குள்ள முடிக்கணும். நான் இல்லன்னா இவரு பேப்பர்தான் அடிச்சிக்கிட்டிருப்பாரு."

"அப்ப வரமாட்டே."

"பொங்கலுக்கு வர்றேன். பத்து நாளு."

அக்கா கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு கோழிக் குழம்பில் என்ன மசாலா போட்டார்கள் என்று கேட்டார். போனை வைத்த பிறகு நான் மெதுவாக, "ட்ரில் ஒழுங்கா நடக்கலியே" என்றேன். என் வேலை அப்படி. நிபந்தனை என்று ஒன்று இருந்தால் அது நிறைவேறியதா என்று கேட்டுவிட வேண்டும்.

"நடக்கலதான்," என்றாள். "எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. அந்த உலை எங்கயும் போயிரல. ஆனா போன வாரம் இந்த பில்டிங்ல யாரு இருக்காங்கன்னே எனக்குத் தெரியாது. இப்ப எந்தக் கதவத் தட்டுனா யாரு வருவாங்கன்னு தெரியும். அக்கா ஊருல நான் போயி மறுபடி மொதல்லேர்ந்து தெரிஞ்சிக்கணும். அங்கயும் உலைதான்."

ஞாயிற்றுக்கிழமை மாலை மோட்டார் வந்தது. குழாயில் முதலில் துருவும், பிறகு மொட்டை மாடி வெயிலில் காய்ந்த வெந்நீரும் வந்தன. மனைவி கீழே நின்று ஒவ்வொரு மாடியாகக் குரல் கொடுக்க, ஒரு மாடி பிடித்து முடித்துக் குழாயை மூடியதாகச் சொன்ன பிறகே அடுத்த மாடி திறந்தது. மேல் மாடிதான் முதலில். மோட்டார் ஒரே சீராக ஓடியது. ஹாரிஸ் அதன் மேல் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு நான் தாளை மறுபடி அடித்தேன். தயாரித்தவர் என்ற கட்டத்தில் அவள் பெயர், தட்டச்சு மட்டும் நான். அச்செடுத்து எடுத்துப் போனபோது அவள் போனில் பள்ளிக்குச் செய்தி அடித்துக்கொண்டிருந்தாள்: விடுமுறைக் கால வகுப்புக்குத் தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி. அனுப்பிவிட்டுத் தாளை வாங்கிப் படித்தாள். ஓர் இடத்தில் பேனாவால் கோடிட்டாள்.

"இங்க என்ன?" என்றேன்.

"மொதல்ல மேல் மாடின்னு தடிமனா அடிங்க. இல்லன்னா அந்தப் பசங்க படிக்க மாட்டானுங்க."